ராஸ் தீவில் மாமாவைக் கூப்பிட்டது

செத்துப்போய்க் காரியம் ஆகாதவர்கள் எல்லாரும் ராஸ் தீவில்தான் இருக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வார்கள் என்று எங்கள் வகுப்பில் ஒரு பேச்சு இருந்தது. வெள்ளைக்காரத் துரைகள் குடியிருந்து, ஆடி, தின்று, விட்டுவிட்டுப் போன தீவு. எங்கள் போர்ட் பிளேரின் அபர்டீன் படகு ஜெட்டியில் நின்று பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் பச்சையாக மிதக்கும். கடைசிப் படகு திரும்பிய பிறகு அங்கே பியானோ கேட்குமாம். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு நடுவில் அவிழ்த்துவிட்டேன். அப்பா சிரித்தார். அம்மா அதட்டினாள். அத்தை மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "யாருடி சொன்னா?" என்று கேட்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா கொத்தனார். நிக்கோபாரின் தெற்குக் கோடியில், கேம்பல் பே என்ற ஊரில் குவார்ட்டர்ஸ் கட்டப் போயிருந்தபோதுதான் கடல் எழுந்து வந்தது. கட்டிய சுவரும் இல்லை, கட்டியவரும் இல்லை. உடம்பு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அத்தை எங்கள் வீட்டில், நெற்றியில் பொட்டு கலையாமல், மாமா ஏதோ ஒரு தீவில் ஒதுங்கி, நினைவு தப்பி, யார் வீட்டிலோ கஞ்சி குடித்துக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள். வருஷம் திரும்பப்போகிறது என்று அப்பா போய் ஐயரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"உடம்பு இல்லாட்டி தர்ப்பையில உருவம் செஞ்சு எரிக்கலாமாம்மா. அவரு ஆத்மா அலையக் கூடாதுல்ல."

"உசுரோட இருக்கிற மனுசனப் புல்லுல செஞ்சு எரிப்பியாண்ணே?"

இந்த இரண்டு வாக்கியங்களும் எங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தன. காலையில் ஒன்று எழுந்தால், மற்றது குக்கர் சத்தத்தோடு எழும். அப்படிப்பட்ட அத்தை, வாசல் தாண்டாத அத்தை, அன்றைக்கு "ராஸுக்குப் போலாம்ணே" என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்குக் காற்று மாற்றம் வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அம்மா புளிச்சோறு கட்டினாள்.

தீவு முழுக்க ஒரு கூரையில்லாத மியூசியம். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு பலகை: இது ரொட்டி சுட்ட இடம், இது நடனம் ஆடிய இடம், இது ஜெபம் செய்த இடம். சுட்டவர் இல்லை, ஆடியவர் இல்லை. சுவர்களை ஆலமரத்தின் வேர்கள், தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல், இறுக்கிப் பிடித்து வைத்திருந்தன. மான்கள் வந்து கையிலிருந்து பிஸ்கட் தின்றன. கடலோரச் சுவர் மட்டும் புதிதாக இடிந்து கிடந்தது. அலையை இந்தத் தீவு தன் மார்பில் வாங்கியதால்தான் போர்ட் பிளேர் பிழைத்தது என்று அப்பா கும்பிட்டார்.

கைடு ஒருவர் மெயின்லேண்டுக் கூட்டத்துக்கு நடன மண்டபத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "ராத் கோ மேம்சாப் லோக் நாச்தே ஹைன், பூத் ஹை பூத்!" ராத்திரியில் துரைசானிகள் ஆடுகிறார்கள், பேய் என்று அவர் இந்தியில் சொன்னதும் கூட்டம் சந்தோஷமாகப் பயந்தது. அத்தை அந்தப் 'பூத்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் தென்னை நிழலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இடிந்த தேவாலயத்துக்குள் போனாள்.

"மாமாவக் கூப்பிடு."

"பேர் சொல்லியா?"

"ஆமா. இங்க பேர் சொன்னாத்தான் வருவாங்கன்னு நீதானே சொன்ன?"

"நீங்களே கூப்பிடுங்களேன் அத்தை."

"நான் சொல்லக் கூடாதுடி. பொண்டாட்டி வாயால பேரு வந்தா புருசனுக்கு ஆயுசு குறையும்."

அது எனக்குத் தெரியும். ரேஷன் கடையில் மாமாவின் பெயரைக் கேட்டால் அத்தை என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். ஆனாலும் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு கூசியது. முதலில் முனகினேன். பிறகு கத்தினேன். எங்கோ ஒரு மயில் அகவியதில் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"இனிஷியலோட கூப்பிடுடி. அந்தப் பேருல எத்தனை பேரு இருப்பாங்களோ."

இனிஷியலோடு கூப்பிட்டேன். வேர்கள் அசையவில்லை. அத்தையின் முகம் மெல்ல மலர்ந்தது. "பாத்தியா, இங்க இல்ல. செத்திருந்தா வந்திருப்பாருல்ல?"

வாசலில் கைடு நின்றிருந்தார். தமிழர்தான், நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவராம். நாங்கள் கூப்பிட்டதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா, பூதம்னு ஒன்னும் கெடையாதுங்க. டூரிஸ்ட்டுக்காகச் சொல்றது."

"நீங்க கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "அதே அலையில போன எங்க அண்ணன, காரியம்கூடப் பண்ண முடியாம, கச்சால்ல என் கையால புதைச்சேங்க அக்கா. இங்க வேலைக்கு வந்து, கூட்டம் போனப்புறம் தினம் கூப்பிட்டேன். அவனும் வரல."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது, உள்ளே இருந்தவள் எழுந்து போய்விட்டாள். அவர் மறுபடி கூட்டத்தைத் தேடிப் போனார். அத்தை இடிந்த ஜன்னல் பக்கம் நடந்து, கடலைப் பார்த்து நின்று, சோறு ஆறுகிறது வா என்பதுபோல, மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவ்வளவு அழகான குரல் அத்தைக்கு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. பதிலுக்குக் காத்திருக்காமல் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "வா, சாப்பிடலாம்" என்றாள்.

திரும்பும் படகில் அப்பா என்னைச் சீண்டினார். "என்னம்மா, பேய் வந்துச்சா?"

"வரலப்பா. ஆனா அத்தை மாமா பேரச் சொல்லிட்டாங்க!"

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அம்மா அத்தையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அத்தை தண்ணீரைப் பார்த்தபடி, "ஐயர்கிட்டச் சொல்லிடுண்ணே" என்றாள்.

அப்பா தலையாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தையை மாட்டிவிட்டோமே, இவ்வளவு பெரிய தப்பா அது என்று எனக்கு அழுகை முட்டியது. எப்படியாவது அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரே தடவைதான்பா சொன்னாங்க. மாமாவுக்கு ஆயுசு ரொம்பக் குறைஞ்சிருக்காது."