ஹவுஸ் ஓனர் வீட்டு மீனைக் காணோம்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: அசைவம் சமைக்கக் கூடாது. கீழே ஹவுஸ் ஓனர் மாமாவும் மாமியும் இருக்கிறார்கள். எங்களுக்கோ வாரம் ஒரு நாளாவது மீன் குழம்பு இல்லாவிட்டால் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை லால்குடியில் நாத்தனார் வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வருவோம். சத்தியமாக இந்த வீட்டு அடுப்பில் ஒரு நெத்திலிகூட ஏறியதில்லை. மகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், குழாயில் எந்நேரமும் தண்ணீர். இப்படி ஒரு வீடு இனி எங்கே கிடைக்கும்?

அப்படிப்பட்ட எங்களிடம்தான் மாமா சாவியைக் கொடுத்து, கூடத்தில் இருந்த மீன் தொட்டியையும் ஒப்படைத்துவிட்டு மாமியோடு காசிக்குப் போனார். தொட்டியில் இரண்டே மீன். சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அகலம் ஒன்று, விரல் நீளத்தில் தங்க நிறம் ஒன்று. கடைத் தீவனத்தில் எதை அரைத்துப் போடுகிறார்களோ என்று மாமாவுக்குச் சந்தேகம். அதனால் கோயில் குளத்து மீனுக்குப் போடுவதுபோல் இவற்றுக்கும் பொரிதான். "பெரிசு ரொம்ப சாது" என்று மாமி வேறு சர்டிபிகேட் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் மாமா போன் செய்தார். "நாளைக்கு ஏகாதசி. அரிசிப் பதார்த்தம் ஆகாது. பொரி போட்டுடாதீங்கோ, அதுகளுக்கும் உபவாசம்."

"சரிங்க மாமா" என்றேன். சொன்னபடியே போடவில்லை; அன்றைக்குக் கீழே போகவும் இல்லை. ஏகாதசிக்கு மறுநாள் காலை போய்ப் பார்த்தால் தங்க மீனைக் காணோம்.

தூக்கிவாரிப் போட்டது. தொட்டியின் மூடி மூடியபடியே இருந்தது. ஃபில்டரைக் கழற்றி, கூழாங்கல்லைக் கிளறி, சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்து, மாமியின் செருப்புக்குள்கூடப் பார்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சாவகாசமாக வந்து, "பூனை தூக்கியிருக்கும்" என்றார்.

"மூடியைத் திறந்து எடுத்துட்டு, திரும்ப மூடி வச்சுட்டுப் போச்சாக்கும் பூனை? ஏங்க, என் வாயைக் கிளறாதீங்க. மீன் திங்கறவங்ககிட்ட மீனை விட்டுட்டுப் போனா வேற என்ன ஆகும்னு தெருவே சிரிக்கப் போகுது!"

வீடு போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். அதே மாதிரி ஒன்று வாங்கி விட்டுவிடலாம் என்று இருவரும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினோம். போனில் இருந்த தொட்டியின் படத்தைக் காட்டினோம். கடைக்காரர் தங்க மீனைப் பார்க்கவே இல்லை. பெரியதைப் பார்த்துச் சிரித்தார்.

"இது சின்ன மீனை முழுசா முழுங்கற ஜாதிங்க. என்ன சாப்பாடு போடறீங்க?"

"பொரி."

"பொரியா!" கடையில் நின்ற எல்லோரையும் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். "புதுசா ஒண்ணு தரேன். நாளைக்கு அதையும் முழுங்கிடும், பரவாயில்லையா?"

வெறுங்கையோடு திரும்பினோம். அந்தப் பெரிய மீனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தின்றது அது, பழி எங்களுக்கு. "மூஞ்சியைப் பாரு, ஒண்ணுமே தெரியாத மாதிரி!" என்று கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினேன்.

மாமா ஊரிலிருந்து வந்ததும் நேரே தொட்டியிடம்தான் போனார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். "சத்தியமா நாங்க இல்ல மாமா" என்றபோது அழுகையே வந்துவிட்டது.

மாமா என்னைப் பார்க்கவில்லை. மீனையே வெறித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏகாதசியன்னிக்கா சாப்டுத்து?" என்றார் மெல்ல.

அவருக்குக் கவலை அதுதான். எங்கள் மேல் சந்தேகப்படலாம் என்ற நினைப்பே அந்த மனுஷருக்கு வரவில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அது எப்போது தின்றது என்று யார் கண்டது? ஆனாலும் கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்: "இல்லீங்க மாமா. ஏகாதசி ராத்திரி வரைக்கும் ரெண்டும் நல்லா நீந்திட்டு இருந்துச்சு. துவாதசி காலையிலதான்."

மாமா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். பிறகு உள்ளே பார்த்து மாமியிடம் குரல் கொடுத்தார்: "கேட்டியோ? உபவாசத்தை முடிச்சுட்டுத்தான் சாப்பிட்டிருக்கு!"