அமாவாசைச் சங்கத்துக் காரியதரிசி

தூண்டில் முள்ளுக்கு உமாபதி முடிச்சுப் போடுவதில்லை. நூல் நுனியை முள்ளின் காதில் நுழைத்து, மடக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு திருகு. எச்சில் தொட்டு இன்னொரு திருகு. தறியில் அறுந்த இழையைப் பிணைக்கிற அதே திருகுதான். இழுத்துப் பார்த்தால் நம் விரல்தான் அறும். நூல், நெய்து மிஞ்சிய பட்டு, அரக்குச் சிவப்பு. கடையில் நைலான் கிடைக்கிறதே என்று கேட்டால், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "நைலானு மீனை ஏமாத்துதுப்பா. பட்டு, மீனைக் கூப்புடுது. ஆச்சா?"

அவரைப் போலப் பேசிக்காட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு தீப்பெட்டியை வலது கையிலிருந்து இடது கைக்கும், இடதிலிருந்து வலதுக்கும் மாற்றிப் பழக வேண்டும். காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர். இழையைச் சுமந்து ஓடும் நாடா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த வார்த்தை வரும். வரிக்கு ஒரு 'ஆச்சா'. நடுவே யாராவது குறுக்கிட்டால், "இழை வுட்டுப்போச்சு" என்று முதலிலிருந்து தொடங்குவார். ஆகவே ஒருவரும் குறுக்கிடுவதில்லை.

சைவக் குடும்பம். வீட்டில் முட்டை ஓடுகூட நுழைந்தது கிடையாது. "நான் புடிக்கிறதோட சரி. கடிக்கிறது மத்தவங்க" என்பது அவருடைய கொள்கை. ஏரியிலிருந்து திரும்பினால் கிணற்றடியில் நான்கு குடம் ஊற்றிக்கொண்ட பிறகுதான் அவர் மனைவி அம்சவேணி கதவைத் திறப்பாள். மூன்று குடத்தோடு ஏமாற்றி வந்தால் மூக்கை உறிஞ்சியே கண்டுபிடித்துவிடுவாள்.

நெசவாளிக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்குத் தறிச் சத்தம் ஓய்ந்த தெருவில் என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடிய பதினொரு பேர் சேர்ந்து, ஐந்து வருஷத்துக்கு முன்னால் தூண்டில் சங்கம் வைத்தார்கள். ஊரே விரதமிருக்கிற நாளில் மீன் பிடிக்கிற சங்கம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பிடித்ததெல்லாம் ஒலிமுகமதுபேட்டை மீன் கடைகளுக்குப் போகிறது. வருகிற காசு உண்டியலுக்கு. உமாபதி காரியதரிசி. சரிகைக் கடை பஞ்சாட்சரம் பொக்கிஷதார்.

அந்த உண்டியலுக்கு ஒரு காரணம் உண்டு. ஒருநாள் உமாபதியின் தூண்டிலில் மீசையும் முதுகில் முள் வரிசையுமாக ஒரு மீன் வந்தது. அதற்குப் பேர் என்னவென்று ஆறு மாதம் சண்டை. "விராலுக்கும் கெளுத்திக்கும் பொறந்தது" என்று பஞ்சாட்சரம் மூக்கால் தீர்ப்புச் சொன்னார். அவருக்கு எல்லாத் தீர்ப்பும் மூக்கிலிருந்துதான் புறப்படும். உமாபதிக்கு ஆறவில்லை. "ஊர்ல டாக்டர் இருக்கான். ஆச்சா? வக்கீல் இருக்கான். ஆச்சா? மீனுக்குன்னு ஒரு ஆள் இல்லியேப்பா!" பரங்கிப்பேட்டையில் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிறார்களாம் என்று விசாரித்து வந்தார். அந்தப் படிப்புக்குப் போகிற நம் பக்கத்துப் பிள்ளைக்குச் சங்கம் உபகாரச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றார்.

"காஞ்சீபுரத்துல ஏதுப்பா கடலு?" என்றார் பஞ்சாட்சரம்.

"பாலாறு எங்க போவுது? கடலுக்குத்தானே போவுது? அங்க போயி விசாரிச்சா நம்ம மீனோட சொந்தக்காரன் எவனாவது இருப்பான்."

தீர்மானம் நிறைவேறியது. ஆனால் முதல் வருஷம் ஒரு பிள்ளையும் கேட்டு வரவில்லை. பஞ்சாட்சரம் ஒரு வரி சேர்த்தார்: இந்த வருஷம் ஆனி அமாவாசைக்குள் ஆள் நேரில் வந்து வாங்காவிட்டால், அந்தப் பணத்தில் சங்கத்துக்குப் பரிசல் வாங்குவது.

இந்த வருஷம் ஒரே ஒரு கடிதம் வந்தது. முசரவாக்கத்து விவசாயி ஆதிகேசவனின் மகள் கிருஷ்ணவேணி எழுதியிருந்தாள். பி.எஸ்ஸி. முடித்துப் பரங்கிப்பேட்டையில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். உதவி கிடைத்தால்தான் அப்பா அனுப்புவார், இல்லையென்றால் மாமன் வீட்டில் தட்டு மாற்றிவிடுவார். உமாபதி அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் படித்துக் காட்டினார். 'அடுத்த அமாவாசை பகலில் ஏரிக்கரைக்கு நேரில் வரவும்' என்று பதிலும் போட்டார். தேதி போடவில்லை. நெசவாளி எவன் அமாவாசைக்குத் தேதி போடுவான்?

வியாழக்கிழமை தறிகள் நின்றன. ஆனி மாத ஏரியில் மதகடியில் மட்டும்தான் தண்ணீர். பதினொரு பேரும் கரையில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மீன்களுக்கு நல்ல நாள். பொழுது சாயும்வரை ஒருவரும் வரவில்லை. பஞ்சாட்சரம் தீர்மான நோட்டைத் திறந்தார்.

"பரிசலுக்கு எழுதிடவா?"

உமாபதி எழுந்து விறுவிறுவென்று டீக்கடைக்குப் போனார். அங்கே சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே கையோடு கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே டீக்கடைக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"இத பாருப்பா. அமாவாசை நாளைக்குன்னு போட்டிருக்குது!"

"நம்ம தெருவுல இன்னிக்கித்தானே தறி நின்னுது?" என்றார் பஞ்சாட்சரம்.

"நின்னுது. இன்னிக்கிப் பகல் பதினொன்றரைக்குப் பொறந்துது. ஆச்சா? நாளைக்குப் பகல் பன்னெண்டு பத்துக்குத்தான் முடியுது. ஆச்சா? பொழுது விடியறப்ப இருக்கிற திதிய காலண்டர்காரன் போட்டிருக்கான். அந்தப் பொண்ணு அதப் பாத்துக்கினு இருந்தா இன்னா பண்றது?"

"போயி கூட்டிக்கினு வந்துட்டா?" என்றார் ஒருவர்.

"பொண்ணு பாக்கவா போறோம்? நேர்ல வரணும்னு தீர்மானத்துல இருக்குது" என்றது பஞ்சாட்சரத்தின் மூக்கு.

"அப்ப திதியும் தீர்மானத்துல இருக்குது. திதி முடியல. கூட்டமும் முடியல" என்றார் உமாபதி.

காரியதரிசி முடிக்காத கூட்டத்தைப் பொக்கிஷதார் முடிக்க முடியாது. பஞ்சாட்சரம் நோட்டை மூடினார்.

வெள்ளிக்கிழமை தெருவெல்லாம் தறி ஓடியது; உமாபதியின் தறி மட்டும் நின்றது. முகூர்த்தச் சேலை ஒன்று பாதியில் இருந்தது. "இன்னாங்க, எவ பெத்த பொண்ணுக்கோ ரெண்டு நாளு தறிய நிறுத்திட்டீங்க. ஏரியில போயி இன்னா நெய்யப் போறீங்க?" என்றாள் அம்சவேணி. சொல்லிவிட்டுக் கட்டுச்சோற்றைக் கையில் கொடுத்தாள்.

கரையில் இரண்டே பேர். பஞ்சாட்சரம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மதகின்மேல் வைத்தார். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. உமாபதி தூண்டிலே போடவில்லை. பதினொன்றே முக்காலுக்கு, "நான் ஒரு தேதி எழுதியிருந்தா போதும்ப்பா" என்றார். அந்த வாக்கியத்தில் ஆச்சா இல்லை. பஞ்சாட்சரம் கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அப்போதுதான் கரையின் மறுமுனையில் ஒரு சைக்கிள் தெரிந்தது. அப்பா மிதிக்க, பின்னால் உட்கார்ந்திருந்த பெண் பாதியிலேயே குதித்துப் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"சார், காக்கா வரல சார்!"

"இன்னாம்மா?"

"அமாவாசைப் படையல் சார். காக்கா சாப்புடாம வண்டிய எடுக்க மாட்டேன்னுட்டாரு அப்பா. கூப்புட்டுக் கூப்புட்டு என் தொண்ட கட்டிப்போச்சு. எல்லாக் காக்காவும் பக்கத்து வூட்டு வடைக்குப் போயிடுச்சு சார்!"

பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற ஆதிகேசவன், "பெரியவங்களுக்குப் போடாம எப்பிடிங்க கெளம்பறது?" என்றார்.

பஞ்சாட்சரம் கடிகாரத்தைத் திருப்பினார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். தொண்டையைச் செருமினார். பொக்கிஷதார் என்றால் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

"மீனு தூங்குமாம்மா?"

"தூங்கும் சார். கண்ண மட்டும் மூடாது."

"எங்க சங்கத்துலயும் பாதிப் பேரு அப்பிடித்தான். கையெழுத்துப் போடு" என்று நோட்டை நீட்டினார். அவள் போட்டதும், தானும் போட்டு ஊதி உலர்த்தினார். "பரிசல் வாங்கியிருந்தா நான்தான் தள்ளிக்கினு திரிஞ்சிருக்கணும். போனாப் போவுது."

உமாபதி பணம் வைத்த உறையைக் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். இழை விட்டுப்போனது, திரும்பத் தொடங்கவும் இல்லை. அவள் குனிந்து காலைத் தொட்டபோது, "திங்கக்கெழம, திங்கக்கெழம" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். சைக்கிள் கரை முனையில் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாப்பா, கடை தொறக்கணும்" என்று பஞ்சாட்சரம் கூப்பிட்டார்.

உமாபதி மதகடிக்கு இறங்கினார். காலையிலிருந்து தொடாமல் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த தூண்டில் இரையான கோதுமை மாவு உருண்டைகளை எடுத்தார். ஒன்றைக்கூட முள்ளில் குத்தாமல், கை நிறைய அள்ளி அள்ளித் தண்ணீரில் வீசினார்.