தொடாமலே விழுந்த லாண்டு

இரட்டையர்களான எங்களுக்கு அடுத்துப் பிறந்ததால், எங்கள் ஊர் வழக்கப்படி என் தங்கைக்கு லாண்டு என்று பெயர். கின்ஷாசாவில் காலையில் ரொட்டி விற்பாள். ஞாயிற்றுக்கிழமை மகியேசே மாமாவின் பார் முற்றத்தில், மந்திர வித்தையும் கலந்த எங்கள் ஊர் மல்யுத்தம் செய்வாள். பலகை மேடை, அடியில் பழைய டயர்கள், மேலே ஒரே ஒரு மெல்லிய பாய்.

போன மாதம் ஒரு ஞாயிறு எதிராளி ங்காண்டோ இடுப்பிலிருந்து மந்திரப் பையை எடுத்து ஆட்டினார். அவர் தொடாமலே லாண்டு மல்லாந்து விழுந்தாள். கூட்டம் அலறியது. மகியேசே மட்டும் சிரித்தார்.

"எல்லாம் நடிப்பு! கூண்டுக்குள்ள மோதுறானுங்களே, அதுதான் சண்டை. அடுத்த வாரம் மேடையைப் பிரிச்சிட்டு டிவியில அதைப் போடப்போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூண்டுச் சண்டையையும் நான் விடாமல் பார்ப்பவள்தான். அங்கே அடி வாங்கியவன் விழுகிறான். அடியே வாங்காமல், கையும் ஊன்றாமல், முதுகு அதிர விழ எத்தனை பேரால் முடியும்? அன்று லாண்டு பதினொரு முறை விழுந்தாள். அவள் முதுகில் எண்ணெய் தேய்ப்பவள் நான்; எனக்குத் தெரியாதா?

"நடிப்புதானே மாமா? ஏறி அந்தப் பைக்கு முன்னாடி நில்லுங்க!"

ங்காண்டோ பையின் முடிச்சை மெதுவாக அவிழ்த்தார். மகியேசே ஒரு படி ஏறினார், உடனே இறங்கினார்.

"எனக்கு முட்டி வலிம்மா."

"முட்டியையும் அந்தப் பை பாத்துக்கும், ஏறுய்யா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவர் ஏறவில்லை. மேடையையும் பிரிக்கவில்லை. ஆனால் லாண்டுவிடம் இன்றுவரை மன்னிப்பும் கேட்கவில்லை.