விளக்குக்குள் ஒரு பிடி அரிசி

ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியில் தைத்த சின்னப் பை அது. ஒரு கைப்பிடி அரிசி கொள்ளும். நான் அதைக் கடைசியாகப் பார்த்தது ஒரு போலீஸ் நிலையத்து மேசைமேல். ஈரம் குடித்து உப்பிப்போய், ஓரத்தில் துரு ஏறி, மண்ணெண்ணெய் வாடையோடு கிடந்தது. அந்த அழுக்கு மூட்டையால் ஒரு நல்ல மனிதர் கம்பிக்குள் போய்விடுவாரோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோய்ப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த மனிதரோடு அத்தனை நாள் வேலை செய்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

மலாய் நாட்டில், ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஆஸ்பத்திரியில் நான் தாதி. தோட்டத்தில் எல்லாருக்கும் நான் ‘மிஸ்ஸி’. எனக்கு மேலே மருத்துவ உதவியாளர், அவரை டிரெஸர் என்று கூப்பிடுவோம். டாக்டர் எப்போதாவது பட்டணத்திலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் டிரெஸர்தான் எங்களுக்கு டாக்டர். கைராசிக்காரர் என்று பெயர். ஆனால் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளப் பொறுமை வேண்டும். பாம்பு கடித்து வந்தவனுக்கு மருந்து கொடுத்த கையோடு, பாம்பு எந்தப் பக்கம் தலை வைத்திருந்தது, கடித்தபிறகு திரும்பிப் பார்த்ததா என்று கேட்பார். கடிபட்டவன் அழுவான். “அழுதுக்கிட்டே சொல்லு தம்பி, காது கேக்குது” என்பார். அவர் கேலி செய்வதாகத்தான் முதலில் நினைத்தேன். இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

அவரிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. முன்சக்கரங்களுக்கு மேலே, தவளைக்கண் மாதிரி இரண்டு விளக்கு. அதில் வலது விளக்கில் ஈரம் இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். விளக்கைப் போட்டால் வெளிச்சம் சாலைக்குப் போகாமல் அங்கேயே மஞ்சளாகத் தேங்கி நிற்கும். “மிஸ்ஸி, வலது கண்ணுல புரை விழுந்திருக்கு” என்று ஒரு நாள் காலை நோயாளிகளை உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அது வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசர காலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், சாலையெல்லாம் பட்டாளம். ஒற்றை விளக்கோடு வரும் கார் மழையில் மோட்டார் சைக்கிள் மாதிரி தெரியும், துப்பாக்கியோடு நிற்கிறவன் எதை நினைத்துச் சுடுவான் என்று சொல்ல முடியாது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். வாசலில் காவல். காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரிசிக்குப் பங்கீடு. சமைக்காத அரிசி ஒரு மணிகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது. ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் பசியாறச் சோற்றுப் பொட்டலம்கூட எடுத்துப்போக முடியாது. யாரோ எங்கேயோ சைக்கிள் பம்புக்குள் அரிசி கடத்தினார்கள் என்று பிடித்தபிறகு, மூடியும் திருகாணியும் உள்ள எதையும் காவல்காரர்கள் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அகப்பட்டால் விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். எங்கள் தோட்டத்திலேயே அப்படிப் போனவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

டிரெஸர் விளக்கை எடுத்து மேசைமேல் வைத்து வைத்தியம் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றி வெயிலில் காயவைத்தார். உள்ளே வெள்ளி பூசிய கிண்ணத்தைப் பஞ்சால் தொட்டும் தொடாமலும் ஒற்றினார், தேய்த்தால் பூச்சு போய்விடுமாம். கண்ணாடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் இருந்த ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. ஊருக்கெல்லாம் ரப்பர் அனுப்பும் தோட்டம், ஒரு வளையத்துக்கா பஞ்சம் என்று, ஸ்டோரிலிருந்து ரப்பர் சீட்டில் ஒரு துண்டு வாங்கிவந்து வெட்டிப் போட்டார். பக்குவப்படுத்தாத ரப்பர், விளக்கின் சூட்டில் உருகி அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டது. அதை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டியெடுத்து, சைக்கிள் டியூபில் வளையம் வெட்டினார். விளக்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. “இதோ, திருடன் வர்ற வழி” என்று ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியைக் கத்தரித்து அதை அடைத்தார். இரண்டு மழை தாங்கவில்லை. மறுபடி முத்து முத்தாகத் தண்ணீர்.

எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை. எல்லாவற்றையும் அடைத்தபிறகும் தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? மருந்து கலக்கும்போதும் அதே கேள்வி, ஊசி போடும்போதும் அதே கேள்வி. ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிடும்போது ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று அவர் மனைவி உப்பு ஜாடியை எடுத்துவந்தார். அந்த அக்கா உப்பு கசியாமலிருக்க வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து ஜாடிக்குள் போட்டுவைப்பவர். எங்கள் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். டிரெஸர் அந்த முடிச்சைக் கையிலெடுத்துப் பார்த்தார். அதோடு சாப்பாடு முடிந்தது, கை கழுவ எழுந்துவிட்டார். பங்கீட்டு அரிசியில் ஒரு பிடியைக் கேட்டு வாங்கி, அவரே வறுத்து, பை தைக்கச் சொல்லி என்னிடம் கட்டுத்துணி கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். “கண்ணுக்கு மருந்து” என்றார். பல்புக்குப் பின்னால், சூடு படாத இடத்தில் பையைச் செருகி மூடினார்.

கண்ணாடி தெளிந்துவிட்டது. அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் போய் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து வாங்கினார்கள்.

அது அரிசி என்று அவருக்கும் தோன்றவில்லை, பை தைத்த எனக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரு பிற்பகல். பால்வெட்டுக்காரர் ஒருவரின் மனைவிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நல்ல மழை. பின் இருக்கையில் அவளை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். வாசலில் காவலுக்கு இருந்தவர் ஒரு மலாய்க்காரக் கார்ப்பொரல், யான் என்ற ஊர்ப் பக்கத்து நெல்விவசாயி வீட்டுப் பிள்ளை. நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் என்றால் சட்டம். அவளைப் பார்த்ததும் அவசரமாகத்தான் சோதனை போட்டார். இருக்கைக்கு அடியில் பார்த்தார், பின்பெட்டியைத் திறந்தார். வலது விளக்கின் இரும்பு வளையத்தில் மட்டும் புதிதாகத் திருகிய தடம் தெரிந்தது. கொட்டகைத் தாழ்வாரத்துக்குக் கீழே காரை நிறுத்தச் சொல்லித் திருப்புளியைப் போட்டார்.

பை வெளியே வந்தது. ஓரத்தைக் கிழித்தார். “இனி பெராஸ்!” என்றார் மலாயில், இது அரிசி என்று. அரிசி என்று அந்த மொழியில் கேட்டபிறகுதான் எங்கள் இருவருக்கும் அது அரிசியானது. எந்தப் பிரசவத்திலும் பதறாத டிரெஸர் பதறிப்போனார். மலாயில் ஈரம், உப்பு, ஜாடி என்று என்னென்னவோ சொன்னார். என் பக்கம் திரும்பி, “எனக்கு இது அரிசியாவே தெரியல மிஸ்ஸி” என்றார்.

கார்ப்பொரல் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தார், உடனே துப்பினார். இதை எங்கள் வீட்டுக் கோழிகூடத் தொடாது என்றார். ஆனாலும் அரிசி அரிசிதான், தன்னால் விட முடியாது, மேலதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். பின்னால் அவள் வலியில் கத்தினாள். கார் ஓட்டத் தெரிந்தவர் டிரெஸர் ஒருவர்தான். கார்ப்பொரல் காவலை அடுத்தவரிடம் ஒப்படைத்தார். கண்ணாடியைத் தன் கையாலேயே துடைத்து, மூடி, திருகினார். அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். கைதி வண்டி ஓட்ட, காவல்காரர் பக்கத்தில் உட்கார்ந்துவர நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மழை அடித்துப் பெய்தது. பட்டணம் நெருங்கும் இடத்தில் பட்டாளத்துக்காரர்கள் கை காட்டி நிறுத்தினார்கள். ஒரு விளக்கு எரியவில்லை என்றார்கள். கார்ப்பொரல் இறங்கிப் போய்ப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது, கண்ணாடிதான் வெளுத்துப் போயிருந்தது. சட்டைக் கையால் துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார். விரலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு மழையிலேயே நின்று, கையிலிருந்த பையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்ததும், “உள்ளேயா இருக்கிறது?” என்று கேட்டார். ஆமாம் என்றார் டிரெஸர். அவர் குரலில் பயம் போய், பழைய ஆவல் வந்திருந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அவளை ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொண்டார்கள். என்னை அங்கேயே இருக்கச் சொன்னார் டிரெஸர். நான் கேட்கவில்லை. பை தைத்தவள் நான், வந்து சொல்கிறேன் என்று கூடவே போனேன். போலீஸ் நிலையத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. விளக்குக்குள் அரிசி என்றதும் அவர் முகம் இறுகியது. உப்பு ஜாடிக் கதையை டிரெஸர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அது இன்னும் கட்டுக்கதை மாதிரியே ஒலித்தது. டிரெஸர் வீட்டு அக்காவும் இனி ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்காருவாரோ என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது கார்ப்பொரல் முன்னே வந்து விறைப்பாக நின்றார். அதிகாரியை ‘துவான்’ என்று மரியாதையாக அழைத்து, வெளியே வந்து ஒருமுறை பாருங்கள் என்றார்.

மழை விட்டிருந்தது. விளக்குகளைப் போட்டார்கள். இடது விளக்கு தெளிவாக எரிந்தது, வலது விளக்கு பாலில் முக்கிய மாதிரி இருந்தது. கார்ப்பொரல் சொன்னார்: நான் இதைத் திறந்தபோது அரிசி இருந்தது, உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அரிசியை எடுத்துவிட்டு என் கையால் மூடினேன். வருகிற வழியிலேயே இப்படியாகிவிட்டது. அவ்வளவுதான் அவர் சொன்னது. அதிகாரி குனிந்து வெகுநேரம் பார்த்தார். அடுத்த முறை தின்ன முடியாத எதையாவது வைத்துக்கொள் என்று டிரெஸரிடம் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார்.

அதோடு கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதானே? டிரெஸர் அவர் பின்னாலேயே போய், அந்தப் பையைத் திருப்பித் தர முடியுமா, எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் அவர் காலை மிதித்தேன். மேசைமேல் கிடந்த பையை அத்தனை நேரம் அவர் உற்றுப் பார்த்தது இதற்குத்தான். பை கிடைக்கவில்லை.

வெளியே வந்து காரருகே முட்டி போட்டு உட்கார்ந்தார். விளக்கின் அடியைத் தடவினார். ஊறிப்போன பிளாஸ்திரியை நகத்தால் மெல்ல உரித்தார். அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கியது. கார்ப்பொரல் வாய்விட்டுச் சிரித்தார். டிரெஸர் சிரிக்கவில்லை. “வர்ற வழின்னு நெனச்சு அடச்சேன் மிஸ்ஸி. இது போற வழி” என்றார். ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்று மாலை அவளுக்குப் பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று சேதி வந்தது.

ஓட்டையைத் திறந்தே விட்டதால் அதன்பிறகு எங்கள் காருக்கு அரிசி தேவைப்படவில்லை. அவசர காலம் முடிந்தது, வேலியைப் பிரித்தார்கள், தோட்டமும் கைமாறியது. டிரெஸர் இறந்த செய்தி எனக்கு மிகவும் பிந்தித்தான் வந்தது. போய் முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது நான் கூலிம் நகரத்தில் மகனோடு இருக்கிறேன். அவனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. போன மழையில் அவன் காரின் முன்விளக்கில் அதே முத்து முத்தான தண்ணீர். எப்படிடா உள்ளே போனது என்று கேட்டேன். “அதெல்லாம் யாரும்மா பாக்குறாங்க? முழுசா மாத்தணுமாம், கடையில சொல்லிட்டாங்க” என்றான். காரின் முன்மூடியைத் திறக்கச் சொன்னேன். முட்டிவலியோடு குனிந்து விளக்கின் பின்பக்கம் தேடினேன். காற்றுப்போக ஒரு சின்ன ரப்பர்க் குழாய் இருந்தது. அதன் வாயில் குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் குத்தி எடுத்தேன். மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மறுநாள் வெயிலில் கண்ணாடி தெளிந்துவிட்டது.

உடனே டிரெஸரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நான் விளக்கைச் சரிசெய்ததையெல்லாம் அவர் காதில் வாங்கமாட்டார். அந்தக் குளவி என்ன நிறம், இந்தச் சிமெண்டுத் தரையில் அதற்கு ஈரமண் எங்கே கிடைத்தது என்றுதான் முதலில் கேட்பார். நான் பார்த்துவைக்கவில்லையே.