மாடியில் கூடிய சபை

கதிர்காமத்துப் பக்கம் இருக்கும் எங்கள் மெதடிஸ்ட் சபைக்குப் பொன்விழா வந்தது. நினைவு மலருக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

பழைய ஆட்களை வீடு வீடாகப் போய்க் கேட்டேன். முதல் ஆராதனை தங்கள் அப்பா வீட்டில்தான் நடந்தது என்று நான்கு பேர் சொன்னார்கள். நான்கும் வேறு வேறு வீடு. அலுத்துப்போய் நோட்டை மூடப்போன நேரத்தில்தான், மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வாயைத் திறந்தார்.

"யாரு வூடும் இல்லம்மா. பின்னாடித் தெருவுல ஒரு விவசாயி வூட்டு மாடிலதான் கூடுனோம். அவுரு இந்து. ஆறு வருஷம் சும்மாவே வுட்டுக் குடுத்தாரு."

அந்த வீட்டில் இப்போது அந்த விவசாயியின் மகள் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர்.

"ஞாயித்துக்கெழம ஆனா எங்கப்பா கத்துவாரு. நீங்க பாடுறதுல மாடு மெரளுதாம். ஆனா போங்கன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. மழ வந்தா கீழ கூடத்துல உக்காரச் சொல்லுவாரு" என்றார்.

அத்தனையும் எழுதிக் கொடுத்தேன். சபைச் செயலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாருக்கு டீச்சர். இந்த மாடி, மாடு எல்லாத்தையும் எடுத்துடலாம். பிஷப் படிப்பாரு."

"நடந்தது அதுதானே சார்?"

"நடந்ததெல்லாம் எழுத முடியுமா?"

மூன்று கூட்டம் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் சமோசா வந்தது, என் வரலாறு இளைத்தது. கடைசியில் 'கர்த்தரின் கிருபையால் சபை உருவாயிற்று' என்ற ஒரு வரிதான் மிஞ்சியது. கிருபையை நான் மறுக்கவில்லை. மாடி கொடுத்த மனிதரை ஏன் மறைக்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அச்சகத்திலிருந்து மெய்ப்பு என்னிடம்தான் வந்தது. ஒற்றுப்பிழை பார்க்க வேறு ஆள் இல்லை. பிழைகளைத் திருத்தினேன். வெட்டிய பகுதியையும் திரும்பச் சேர்த்தேன். துணிச்சல் ஒன்றும் இல்லை. வெறுத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

வெளியீட்டன்று, புதிதாக மாற்றலாகி வந்திருந்த போதகர் மலரைப் பிரித்து அந்தப் பகுதியையே சத்தமாகப் படித்தார். சபை சிரித்தது. மில் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செயலாளர் வாசலில் என்னை நிறுத்தினார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் டீச்சர்."

"மூணு கூட்டத்துலயும் சொன்னேன் சார்."

இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. அதுவும் ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது.

வெளியீட்டன்று சாயந்தரமே அந்த மாடி வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். மகள் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். பிஷப், போதகர்கள், செயலாளர், பொருளாளர் என்று பக்கம் பக்கமாகப் படங்கள்.

"எங்கப்பா போட்டோ ஒண்ணு நல்லதா இருக்குதே. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார்.

அவ்வளவு சண்டை போட்ட எனக்கு, அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.