தட்டல் நின்றால்
பெங்களூரு பொம்மனஹள்ளிக்குக் குடிவந்த பிறகுதான் சூசைராஜின் வலது கை, சும்மா வைத்தாலும் டம்ளரைத் தட்ட ஆரம்பித்தது. பார்கின்சன் என்றார் டாக்டர். அன்றாட வேலைக்கு இடைஞ்சலானால் நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைத் தொடங்கலாம், முடிவு உங்களுடையது என்றார்.

"சட்டைப் பொத்தானையே நான்தான் போட்டுவிடறேன். இதுக்கு மேல என்ன இடைஞ்சல் வரணும்?" என்றாள் மனைவி ரோசலின்.

முன்பு வேலை பார்த்த கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பாறை சரிந்த அன்று, சூசைராஜும் கூட்டாளி பாக்கியநாதனும் ஆளுக்கொரு பக்கம் சிக்கிக்கொண்டு காற்றுக்குழாயைத் தட்டினார்கள். தட்டல் கேட்கும் பக்கம்தான் மீட்பு ஆட்கள் தோண்டுவார்கள். பாக்கியநாதனின் தட்டல் நின்றது. அந்தப் பக்கம் தோண்டுவதும் நின்றது.

ரோசலின் மாத்திரையைப் பிரித்து நீட்டினாள்.

சூசைராஜ் வாங்கவில்லை. "தட்டறது நின்னா, உள்ள ஆள் இல்லேன்னு போயிடுவாங்க, ரோசலின்."