ஒரு கட்டை இறங்கிப் பாடிய கேம்

பள்ளி நாளிலிருந்து நான் ஆடிவரும் பழைய கம்ப்யூட்டர் கேம் ஒன்று உண்டு. அதன் இசை டப்பாவுக்குள் அடைத்த வண்டு மாதிரிதான் கேட்கும்.

"அந்த வண்ட நிறுத்துங்க" என்பாள் மனைவி.

அந்தக் கால கேம்களில் பதிவு செய்த பாட்டு கிடையாது. எந்த வாத்தியம் எந்த சுரம் வாசிக்க வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கும். வாசிக்க நல்ல கருவி வேண்டும்.

இன்று காலை கிடைத்துவிட்டது. கருவடிக்குப்பத்தில் மெல்லிசைக் குழு வைத்திருக்கும் கீபோர்டு கலைஞர் ஒருவர், குறிப்பை நிஜ வாத்தியம் போல வாசிக்கும் தன் பழைய சவுண்டு பெட்டியைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இணைத்தேன். வயலின் வயலினாகவே கேட்டது. ஆனால் போர்ப்பாட்டு தாலாட்டு போல இறங்கி ஒலித்தது. முப்பது வருடம் கேட்ட காதுக்குத் தெரியாதா?

அவருக்கே போன் போட்டேன்.

"அதுவா சார். எங்க பாட்டுக்காரருக்கு மேல எட்டாது. கச்சேரிக்காக சுருதிய ஒரு கட்ட எறக்கி வெச்சிருந்தேன். மாத்த மறந்துட்டேன்."

எந்தப் பட்டன் என்று கேட்டு சுருதியை ஏற்றினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மனைவி சமையலறையிலிருந்து வந்து கதவருகே நின்றாள்.

"நல்லாருக்கே. எந்தப் படம் இது?"

முப்பது வருட வண்டுக்கு இதைவிட என்ன விருது வேண்டும்.

"அடுத்த பாட்டு போடுங்க" என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அடுத்த பாட்டு நான்காவது லெவலில் வரும். நான் இன்றுவரை மூன்றாவதைத் தாண்டியதில்லை.

தாண்டியவர்கள் இருந்தால் கமெண்டில் வழி சொல்லுங்கள். அவள் இன்னும் கதவருகேதான் நிற்கிறாள்.